மழலையர் பராமரிப்புச் செலவும் அரசின் பங்கும்: ஆலையடிவேம்பை முன்வைத்து

இலங்கையில் ஒரு பிள்ளை கருவில் இருக்கும்போதே அரசின் பதிவேட்டில் இடம்பெற்றுவிடுகிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து தாயைப் பதிகிறார். கிளினிக்கில் நிறை பார்ப்பதற்கும் தடுப்பூசிக்கும் காசில்லை. நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கிறது. பின்னர் 5 வயது நிறைந்து முதலாம் தரத்தில் சேர்ந்ததும் படிப்பும் பாடநூலும் சீருடைத் துணியும் அரசின் பொறுப்பாகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், பிரசவ விடுமுறை முடியும் நாளிலிருந்து முதலாம் தரம் வரையிலான நான்கரை ஆண்டுகளில், பகல் பொழுதில் பிள்ளையை யார் பார்ப்பது, அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே கிடக்கிறது. அரசின் உதவி இந்த இடைவெளிக்குள் எட்டிப்பார்க்கிறது. ஆனால் இன்னும் உள்ளே வரவில்லை.

இவ்விடயத்தைப் பேசும்போது இரண்டு வகை நிலையங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று முன்பள்ளி, அதாவது பாலர் பாடசாலை. 3 வயது முதல் 5 வயது வரையான பிள்ளைகள் காலையில் வந்து, ஆடிப் பாடி, எழுத்தும் எண்ணும் பழகி, நண்பகலுக்கு முன்பே வீடு திரும்புவர். மற்றது பகல்நேரப் பராமரிப்பு நிலையம். கைக்குழந்தை முதல் எல்லா வயதுப் பிள்ளைகளையும் தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை வைத்துப் பார்ப்பது இதன் வேலை. முதலாவது பிள்ளையின் கல்விக்கானது. இரண்டாவது பிள்ளைக்கும் தாயின் உழைப்புக்கும் சேர்த்தே பயன்படுவது. அம்பாறை மாவட்டத்து ஆலையடிவேம்புப் பிரதேசத்தின் கோளாவிலிலோ பனங்காட்டிலோ வாச்சிக்குடாவிலோ முன்பள்ளியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏழை வீட்டுத் தாய் ஒருத்தி நம்பிக் கைக்குழந்தையை ஒப்படைக்கக்கூடிய, அவளுக்குக் கட்டுப்படியான பகல்நேர நிலையம் கிடைப்பதுதான் அரிது. அரசின் உதவி எதற்கு, எவ்வளவு, எந்த வழியில் என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

இலவசக் கல்வி நின்ற எல்லை

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக்கான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. அந்தப் பாலர் வகுப்பு, தமிழ்ப் பாடசாலைகளில் மூத்தவர்கள் அரிவரி என்று நினைவுகூரும் வகுப்பு, 5 வயதுப் பிள்ளைக்குரியது. அதற்குக் கீழே உள்ள வயது அன்றைய சட்டகத்துக்குள் வரவில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலை சேரும் வயதை 6 ஆக உயர்த்தியபோது வெளியே நின்ற வயது இன்னும் நீண்டது. சில ஆண்டுகளில் அது மீண்டும் 5 ஆனது. ஆசியாவிலேயே முன்னோடியான ஒரு கல்விக் கொள்கை, பிள்ளையின் மூளையும் மொழியும் மிக வேகமாக வளரும் ஆண்டுகளை வீட்டின் பொறுப்பில் விட்டது. அக்காலத்தில் அது குறையாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. அன்று வீடு என்பது நான்கு பேர் மட்டும் வாழும் இடமாக இருக்கவில்லை.

வெற்றிடத்தைச் சமூகம் தானே நிரப்பியது. மிஷன்களும், சர்வோதய இயக்கமும், மாதர் சங்கங்களும், கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும், சில உள்ளூராட்சி சபைகளும் முன்பள்ளிகளைத் தொடங்கின. 1979இல், உலகச் சிறுவர் ஆண்டில், சிறுவர் செயலகம் உருவாகியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குச் சென்றது. கிழக்கில் அதற்கெனத் தனியான பணியகம் இயங்குகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நாட்டில் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் இதுவே. அதன் பின்னர் வந்த தொண்டு நிறுவனங்கள் கரையோரம் எங்கும் முன்பள்ளிக் கட்டடங்கள் எழுப்பின. கட்டடங்கள் நின்றன, ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு நிறுவனங்கள் வெளியேறியதும் பல இடங்களில் நின்றுபோனது.

இப்படி வளர்ந்த அமைப்பில் கொள்கை கொழும்பிலும், பதிவும் மேற்பார்வையும் மாகாணத்திலும், கட்டடம் ஊர்ச் சங்கத்திடமும் இருக்கின்றன. மாதக் கட்டணம் தாயின் கையிலிருந்து போகிறது.

அரசு இன்று தருவது

உதவி எதுவுமே இல்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பணியாற்றுகின்றனர். வறிய பகுதிகளின் முன்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாவாக இருந்த தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பதிவுபெற்ற முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சில ஆயிரம் ரூபா மாதக் கொடுப்பனவு கிடைக்கிறது. உலக வங்கியின் 5 கோடி டொலர் கடனுதவியுடன் 2015இல் ஆரம்பமான முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டம் கட்டடத் திருத்தம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றோடு வறிய பிள்ளைகளுக்கான கட்டண விலக்கையும் உள்ளடக்கியிருந்தது. கட்டணத்தைப் பெற்றோருக்குப் பதிலாக அரசு செலுத்தும் கருத்து இந்நாட்டில் எழுத்துவடிவம் பெற்ற முக்கியமான சந்தர்ப்பம் அது. ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. பிள்ளைகள் பிறப்பதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

2023 ஜூலையில் சமுர்த்தி நலன்புரிக் கொடுப்பனவின் இடத்தில் வந்த அஸ்வெசும, மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் தந்தது. 2025 ஜனவரியில் இவை முறையே 17,500, 10,000 ஆகின. இது குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கான பணம். அரிசியும் மருந்தும் மின்கட்டணமும் இதற்குள்ளேதான் அடங்க வேண்டும். பிள்ளைப் பராமரிப்புக்கு என்று இதில் தனியாக ஒரு ரூபாவும் ஒதுக்கப்படவில்லை.

ஒரு சிறிய கணக்கு நிலைமையை விளக்கும். கிராமத்து முன்பள்ளி ஒன்றில் 25 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 500 ரூபா கட்டணம் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 12,500 ரூபா. இரண்டு ஆசிரியைகள் அதைப் பகிர்ந்தால் தலைக்கு 6,250. தனியார் துறை ஊழியருக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அந்த அளவில் இருவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமானால் மாதம் 54,000 ரூபா தேவை; பிள்ளை ஒன்றின் கட்டணம் 2,160 ரூபாவாகும். மாதம் 10,000 ரூபா அஸ்வெசும பெறும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் முன்பள்ளி வயதில் இருந்தால், கொடுப்பனவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். எந்தத் தாயும் அதைக் கொடுக்கமாட்டாள். ஆகவே கட்டணம் உயராது. ஆசிரியையின் வருமானமும் உயராது. ஊரில் படித்த பெண்ணொருத்தி தொண்டர் என்ற பெயரில் குறைந்த பணத்துக்கு உழைப்பதுதான் இன்று இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. முன்பள்ளிக்கு உண்மையான மானியம் வழங்குபவர் ஆசிரியையே. வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளைச் சம்பளத்துக்கு அமர்த்தியபோது, இராணுவச் சார்புள்ள அமைப்பின்கீழ் பாலர் கல்வி நடப்பது குறித்து நியாயமான எதிர்ப்பு எழுந்தது. அதே வேளையில், மாதா மாதம் நிலையான சம்பளம் என்பது அந்த ஆசிரியைகளின் வாழ்வில் எத்தகைய மாற்றத்தைத் தந்தது என்பதும் அங்கேதான் வெளிப்பட்டது. அந்தச் சம்பளத்தைச் சிவில் நிர்வாகமே கொடுத்திருக்க முடியும், கொடுத்திருக்கவும் வேண்டும்.

வளவு தந்த மானியம்

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுபவர்கள். திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்து வாழ்கிறார். அக்கா தங்கைகளின் வீடுகள் ஒரே வளவில் அல்லது ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து அமைகின்றன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்து இந்த முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைப் பராமரிப்பின் கண்கொண்டு பார்த்தால் இதன் பெறுமதி மிகப் பெரியது. மாமியார் வீட்டுக்குப் போய் வாழும் பெண்ணைவிட, தன் தாயின் வளவிலேயே வாழும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் எளிதாகக் கிடைக்கும். தமிழ் வீட்டில் அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும், முஸ்லிம் வீட்டில் மூத்தம்மாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். வயலுக்குப் போகும் பெண்ணும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்ணும் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி அடுத்த வீட்டில் விட்டுப் போனார்கள். அரசு செலவழிக்காத பணத்தை வளவு செலவழித்தது.

அந்த ஏற்பாடு பல பக்கமும் தேய்ந்துள்ளது. போர் ஆண்களைக் கொன்றும் காணாமலாக்கியும் பெண் தலைமைக் குடும்பங்களைப் பெருக்கியது. ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை முதலில் தடைவலயமாக அறிவிக்கப்பட்டு, கரையோரக் குடும்பங்கள் புதிய வீட்டுத்திட்டங்களுக்குப் பெயர்ந்தன. அங்கே வீடு ஒதுக்கப்பட்ட வரிசை, அக்கா தங்கை உறவைக் கணக்கில் எடுக்கவில்லை. அம்மம்மா என்றால் வீட்டிலேயே இருப்பவர் என்பதும் இன்று உறுதியில்லை. ஐம்பது வயதுப் பாட்டிமார் பலர் இன்னும் உழைக்கிறார்கள், சிலர் மகளின் பிள்ளைகளுக்காகவே வெளிநாட்டில் உழைக்கிறார்கள். வளவின் பலத்தை எண்ணிக் கொள்கை வகுப்பவர்கள், இல்லாத ஒன்றை நம்பித் திட்டமிடுகிறார்கள்.

வெளிநாட்டு வேலையும் பின்னணி அறிக்கையும்

இலங்கை அரசு சிறு பிள்ளைகளின் பராமரிப்பைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசிய இடம் ஒன்று உண்டு. அது முன்பள்ளிக் கொள்கையில் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்பு விதிகளில் இருக்கிறது. 2013இல் அறிமுகமான குடும்பப் பின்னணி அறிக்கை முறையின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல முடியாதிருந்தது. அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைகள் இருந்தால், அவர்களை யார் பார்ப்பார் என்பதைக் காட்டிப் பிரதேச செயலகத்தில் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2022இல் அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்த விதியின் நோக்கம் பிள்ளையின் நலம் என்பதில் ஐயமில்லை. தாயைப் பிரிந்த பிள்ளைகள் பட்ட துன்பத்தைக் கிழக்குக் கரையின் ஊர்கள் நேரில் கண்டிருக்கின்றன. ஆயினும் விதியின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். தாய் போகக்கூடாது என்று சொன்ன அரசு, அவள் ஊரிலேயே உழைப்பதற்கு வேண்டிய பராமரிப்பு நிலையத்தை அமைத்துக் கொடுக்கவில்லை. தந்தை வெளிநாடு போவதற்கு இத்தகைய அறிக்கை கேட்கப்படுவதும் இல்லை. பதிவில்லாத வழிகளில், சுற்றுலா விசாவில், முகவர்களின் பொய்த் தாள்களோடு போன பெண்கள் பாதுகாப்பு எதுவுமின்றி அகப்பட்டுக்கொண்டார்கள். 5 வயது என்ற எல்லை 2 ஆனபோது பிள்ளையின் தேவை மாறியிருக்கவில்லை; நாட்டின் அந்நியச் செலாவணித் தேவைதான் மாறியிருந்தது. தடைக்குச் செலவில்லை, நிலையத்துக்குச் செலவு உண்டு; அரசு செலவில்லாததைத் தேர்ந்தது.

இலங்கையில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடக் கூடுதலாகப் படிக்கும் நாட்டில் இந்த இடைவெளி நீடிப்பதற்குப் பிள்ளைப் பராமரிப்பு ஒரு முதன்மையான காரணம். அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையின் தாதியும், மருதமுனைக் கைத்தறி நெசவுப் பெண்ணும், கண்ணகிபுரத்தின் நாள்கூலிப் பெண்ணும் வெவ்வேறு வருமானத்தினர். காலை ஏழு மணிக்கு அவர்கள் மூவரையும் தடுத்து நிறுத்தும் கேள்வி ஒன்றே.

தொழிற்சட்டமும் தேயிலைத் தோட்டமும்

பிரசவ காலச் சட்டங்கள் ஒரு பகுதிச் சுமையைத் தாங்குகின்றன. அரச ஊழியருக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு விடுமுறை. அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்திலும், 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். தனியார் துறையில் முழுச் சம்பள விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும். 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ், ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலையிடத்தில் பிள்ளைப் பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. வயலிலும் வீட்டு வேலையிலும் சுயதொழிலிலும் இருக்கும் பெண்களை இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் தொடுவதேயில்லை. ஆலையடிவேம்பின் உழைக்கும் பெண்களில் கணிசமானோர் அந்த வகையினர்.

கைக்குழந்தைப் பராமரிப்பு இந்நாட்டுக்குப் புதியது என்றும் எவரும் சொல்ல முடியாது. மலையகத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா நூறாண்டுப் பழக்கம். கொழுந்து பறிக்கும் தாய் காலையில் பிள்ளையை அங்கே விட்டு மலைக்குப் போவாள். பால்குடிப் பிள்ளைக்காக இடையில் இறங்கி வருவாள். நெடுங்காலம் அவை இருண்ட, புகைபடிந்த அறைகள். பிள்ளை அழாமல் கிடந்தால் போதும் என்ற அளவில்தான் பராமரிப்பு இருந்தது. தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போன 1990களுக்குப் பின், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் இவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறத் தொடங்கின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், உணவு, விளையாட்டு என்று தரம் உயர்ந்தது. முதலாளி தன் இலாபத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. தாயின் வேலை நேரத்தை அளவாகக் கொண்டு பிள்ளைப் பராமரிப்பின் நேரத்தை வகுத்தது மட்டும் அங்கே தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது. கிழக்கின் முன்பள்ளிகளில் இன்றுவரை இல்லாதது அதுவே.

பாக்குநீரிணைக்கு அப்பால்

இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. முன்பள்ளிக் குழந்தைகள் குறித்து 1970களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையில் நடந்த ஆய்வு அதன் அடித்தளங்களில் ஒன்று. தமிழ்நாடு தன் பங்குக்கு இரண்டு பெரிய அடிகளை எடுத்து வைத்தது. 1980இல் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை முதன்மையாகக் கொண்ட ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம், கிராமத்து 2 வயதுப் பிள்ளை முதல் சோறு போடத் தொடங்கியது. அங்கன்வாடியில் தாய் கட்டணம் செலுத்துவதில்லை. பணியாளரின் ஊதியத்தையும் பருப்பையும் முட்டையையும் அரசு தருகிறது. அங்கன்வாடி ஊழியர் தம் ஊதியத்துக்காகத் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருந்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. எனினும் ஊதியம் கேட்க அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது. இலங்கையின் முன்பள்ளி ஆசிரியை யாரிடம் கேட்பது என்பதே தெளிவில்லை.

கைக்குழந்தைகளுக்கான தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் இந்திய ஒன்றிய அரசு படிநிலைக் கட்டணத்தை வைத்தது: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 100 அல்லது 200. காப்பகம் நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். நிதி ஒதுக்கீடு போதாமல் காப்பகங்கள் பல மூடப்பட்டன. 2022இல் திட்டம் பால்னா என்ற பெயரில் மறுபடி வகுக்கப்பட்டது. ஏழையிடம் பெயருக்கு ஒரு தொகை, வசதியுள்ளவரிடம் சற்றுக் கூடுதல் என்ற அந்தக் கட்டண முறை எளிமையானது. கிராம மட்டத்தில் நடைமுறைப்படுத்தக் கூடியது.

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளின் அனுபவம் வேறு பாடங்களைத் தருகிறது. இங்கிலாந்தில் அரசு பிள்ளைக்கு மணிநேரங்களை வாங்கிக் கொடுக்கிறது. 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டில் 38 வாரங்கள், வாரம் 15 மணி நேரம் இலவசம். வேலை செய்யும் பெற்றோருக்கு 2017 முதல் 30 மணி நேரம். 2025 செப்டெம்பர் முதல் அது 9 மாதப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. இதைத் தவிர, பெற்றோர் 8 பவுண் வைப்பிட்டால் அரசு 2 பவுண் சேர்க்கும் தனிக்கணக்கும் உண்டு. ஆனால் அரசு கொடுக்கும் மணிநேர விலை நடத்துநருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்ற முறைப்பாடு ஓயவில்லை. அந்தப் பற்றாக்குறை சாப்பாட்டுக் கட்டணமாகவும் மேலதிகக் கட்டணமாகவும் பெற்றோரிடமே திரும்பி வருகிறது. வேலையில்லாத ஏழைத் தாயின் பிள்ளைக்குக் குறைந்த மணிநேரமே கிடைப்பது அதன் பெரிய குறை.

நோர்வே உச்சவிலையை நிர்ணயித்தது. 2009 முதல் ஒரு வயதான பிள்ளைக்கு பார்ணஹாகே எனப்படும் மழலையர் நிலையத்தில் இடம் சட்ட உரிமை. மாத உச்சக் கட்டணம் 2025 ஓகஸ்டில் 1,200 குரோணராகக் குறைக்கப்பட்டது. எந்தக் குடும்பமும் தன் வருமானத்தில் 6 வீதத்துக்கு மேல் இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டொலர் என்ற ஒரே கட்டணத்தைக் கொண்டுவந்தது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாக உயர்ந்தது. இடங்களோ தேவைக்கு ஏற்பப் பெருகவில்லை. காத்திருப்புப் பட்டியல் நீண்டபோது நல்ல நிலையங்களின் இடங்கள் வசதியும் விவரமும் உள்ள குடும்பங்களுக்கே கூடுதலாகப் போயின. மற்றவர்களுக்குத் தரம் குறைந்த நிலையங்கள் மிஞ்சின. விலையைக் குறைப்பது ஒரு வேலை, இடத்தை உருவாக்குவது வேறொரு வேலை என்பதை அங்குள்ள பெற்றோர் அனுபவத்தில் அறிந்தார்கள்.

ஆலையடிவேம்புக்கு மிக நெருக்கமான உதாரணம் இந்தச் செல்வந்த நாடுகளில் இல்லை, கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே 1980களின் நடுப்பகுதியில் அரசின் குடும்பநல நிறுவனம் சமூக இல்லங்கள் என்ற முறையைத் தொடங்கியது. வறிய குடியிருப்பில் ஒரு பெண் தன் வீட்டையே திறந்து அயல்வீட்டுப் பிள்ளைகள் 12 முதல் 15 பேரைப் பகல் முழுதும் பார்ப்பாள். உணவையும் பயிற்சியையும் சிறு கொடுப்பனவையும் அரசு தரும். இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மலிவாக இடம் கிடைத்தது. அந்த மலிவு சமூகத் தாய்மாரின் குறைந்த கூலியிலிருந்தே வந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2014இல் அவர்களுக்கு முழுக் குறைந்தபட்சச் சம்பளம் கிடைத்தது. இந்த முறையை எடுத்தாளும் நாடு முதல் நாளிலிருந்தே சம்பளத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இப்பகுதிக்குப் பொருந்தும் வழி

வருமான வரிச் சலுகை ஆலையடிவேம்புத் தாய்மாரில் பெரும்பாலோருக்குப் பயன்படாது. அவர்கள் வருமான வரி செலுத்தும் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை. தாயின் கையில் கட்டண வவுச்சர் கொடுப்பதும் கொழும்பில் பயன்படலாம்; அளிக்கம்பை போன்ற காட்டோரக் குறவர் சமூகக் கிராமத்தில் வவுச்சரைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அருகில் நிலையம் வேண்டும். அஸ்வெசுமவில் ஒரு தொகையைக் கூட்டினால் அது அரிசிக்குப் போகும். அது தவறும் அல்ல. எனவே பணம் நிலையத்துக்கு, அதிலும் முதலில் ஆசிரியையின் சம்பளத்துக்குப் போக வேண்டும். மேலே காட்டிய கணக்கின்படி 25 பிள்ளைகள் உள்ள ஒரு முன்பள்ளியில் இருவருக்கு 2025 ஏப்ரலின் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்க ஆண்டுக்கு 6,48,000 ரூபா ஆகும்; பிள்ளை ஒன்றுக்கு 25,920 ரூபா. இது ஏற்க முடியாத தொகையல்ல.

அடுத்தது நேரம். இருக்கும் முன்பள்ளிக் கட்டடம் நண்பகலோடு பூட்டப்படுகிறது. அதே கட்டடம், அதே கிணறு, அதே கழிப்பறை பிற்பகல் நான்கு மணி வரை பயன்படலாம். அதற்கு மதியச் சோறும், படுக்கப் பாயும், பிற்பகலுக்கு இன்னொரு பெண்ணின் சம்பளமும் தேவை. காலை உணவுக்கு ஏற்கெனவே உள்ள வழங்கல் முறையை மதிய உணவுக்கும் நீட்டலாம். வெள்ளாமை அறுவடைக் காலத்தில் நேரத்தை முன்கூட்டித் தொடங்குவதும், நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர்களில் நேரத்தை மாற்றுவதும், பிற்பகலில் ஓதப் போகும் பிள்ளைகளின் நேரத்தோடு பொருத்துவதும் ஊர்க்குழுவின் முடிவாக இருக்க வேண்டும். கொழும்பின் சுற்றறிக்கை இவற்றை அறியாது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை முன்பள்ளிக் கூடத்துக்குள் திணிப்பது சரியாகாது. கைக்குழந்தைக்கு மடியும் அமைதியும் ஒரே முகமும் வேண்டும். இங்கேதான் வளவு மறுபடி உதவக்கூடும். ஒரு பெண் தன் வீட்டில் நான்கைந்து கைக்குழந்தைகளைப் பார்க்கும் இல்லங்களைப் பதிவு செய்து, சம்பளமும் பயிற்சியும் கொடுத்தால், இப்பகுதியின் குடும்ப அமைப்போடு அது இயல்பாகப் பொருந்தும். மேற்பார்வைக்குப் புதிய திணைக்களம் வேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, குடும்ப நல உத்தியோகத்தரை நாட்டின் ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுவந்திருக்கிறது. பிள்ளையின் நிறையை அவர் எப்படியும் பார்க்கிறார்; பிள்ளை பகலில் இருக்கும் வீட்டையும் அவர் பார்க்கலாம். சிறுவர் பாதுகாப்பு இதில் தளர்வுக்கு இடமில்லாத நிபந்தனை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் பகல்நேர நிலையங்களின் தரத்துக்கும் உள்ள தொடர்பு, ஊர் இல்லங்கள் வரை எட்ட வேண்டும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை ஏற்கும் நிலையத்துக்குக் கூடுதல் தொகை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையும் தாயுமே முதலில் வாசலில் திருப்பி அனுப்பப்படுவர்.

கட்டணம் முழுமையாக ஒழிய வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிறு கட்டணம் பெற்றோருக்கு நிலையத்தின்மீது உரிமையுணர்வைத் தரும் என்பது ஒரு பக்கத்து வாதம். அந்தச் சிறு கட்டணத்தைக் கொடுக்க முடியாத மாதத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் தாய்மார் இருக்கிறார்கள் என்பது மற்றப் பக்கத்தின் பதில். அஸ்வெசும பெறும் குடும்பத்துக்குக் கட்டணமே இல்லை, மற்றவர்களுக்கு வருமானத்துக்கேற்ற படிநிலை என்பது இரண்டுக்கும் இடையில் நிற்கக்கூடிய ஏற்பாடு. அப்படிச் செய்யும்போது எந்தப் பிள்ளை கட்டணம் செலுத்துகிறது, எது செலுத்தவில்லை என்பது ஆசிரியைக்கும் மற்றப் பெற்றோருக்கும் தெரியாதபடி கொடுப்பனவு நேரே நிலையத்தின் கணக்குக்குப் போக வேண்டும். மூன்று வயதில் ஏழை என்ற அடையாளம் ஒட்டப்படுவது எந்த உதவியாலும் ஈடுசெய்ய முடியாத தீங்கு.

இவற்றைச் செய்ய வேண்டிய இடம் எது என்பது இறுதியாக நிற்கும் சிக்கல். முன்பள்ளி மாகாணத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விடயம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் ஆளுநரின்கீழ் நடக்கிறது. இருக்கும் நியதிச்சட்டத்தின்கீழ் பதிவு செய்யவும் பயிற்சியளிக்கவும் மாகாணத்தின் முன்பள்ளிப் பணியகத்தால் முடியும். ஆசிரியையின் சம்பளத்தை மாகாணத்தின் நிரந்தரச் செலவாக்குவதற்கும், கைக்குழந்தை இல்லங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கும் புதிய நியதிச்சட்டம் வேண்டும். அதை இயற்றும் அதிகாரம் மக்கள் தெரிவுசெய்யும் சபைக்கே உரியது. அதுவரை செய்யக்கூடியவை இரண்டு: மத்திய அரசின் காலை உணவுத் தொகையையும், குறைந்தபட்சச் சம்பளத்தை நோக்கி ஆசிரியைக் கொடுப்பனவையும் ஆண்டுதோறும் உயர்த்துவது; பிரதேச சபைகள் தம் நிதியிலிருந்து ஊருக்கு ஒரு முன்பள்ளியையாவது பிற்பகல் நான்கு மணி வரை திறந்து வைப்பது.